ஊர் எழுந்து நின்ற மார்ச்

டெரன்ஸ் ராணுவத்தில் சேர்ந்தவன் இல்லை. சேரப் போனவன். இருபத்தொரு வயதில் ஆளெடுப்பு முகாமுக்குப் போய், வெயிலில் வரிசை நின்று, ஓடச் சொன்ன தூரத்தை ஓடி முடித்து, நெஞ்சளவு எடுக்கிற இடத்தில் அரை அங்குலம் போதாமல் திரும்பி வந்தான். பேண்டு வாத்தியக்காரன் வேலைக்குத்தான் போயிருந்தான். பையில் இருந்த ட்ரம்பெட்டை வெளியே எடுக்கச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை.

"நெஞ்ச அளந்து பாத்தானுவ, மூச்ச அளந்து பாக்கலியே" என்று ஊருக்கு வந்து அவனே சொல்லிச் சிரித்தான். ஊரும் சிரித்தது. அதோடு அந்தக் கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

பதினேழு வருசம் கழித்து ஒரு முழு ராணுவ பேண்டு அவன் வீட்டுப் படுக்கையறைக்குள் இருந்தது என்றால் நம்ப மாட்டீர்கள். தூத்துக்குடியிலிருந்து தெற்கே பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் சந்தியாகுடி. மூன்று தெரு, ஒரு கோவில், கரையில் நூற்றுச்சொச்சம் ஃபைபர் படகுகள். கோவில் என்றால் கத்தோலிக்கக் கோவில், சந்தியாகப்பருக்கு. வெள்ளைக் குதிரையில் வாளோடு உட்கார்ந்திருக்கிற சந்தியாகப்பர். டெரன்ஸ் தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் கண்டெய்னர்களுக்குக் காகிதம் போடுகிற வேலையில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் திருவிழாவுக்கும் கோவில் பேண்டில் முதல் ட்ரம்பெட். மிச்ச நேரத்தில் அவன் என்ன செய்தான் என்பது அவன் மனைவி ஜெப்ஸிக்கு மட்டும்தான் தெரியும்.

டிவிக்காரர்கள், விளம்பரக்காரர்கள், பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்கு வீடியோ செய்கிறவர்கள், இவர்களுக்கெல்லாம் ஒரு இசையமைப்பாளரை வைத்து இசை போடக் கட்டுபடியாகாது. ஆயத்த ஆடை வாங்குவதுபோல இணையத்தில் ஆயத்த இசை வாங்கிக்கொள்வார்கள். சோக இசை ஒரு அலமாரி, கல்யாண இசை ஒரு அலமாரி, பேய் இசை ஒரு அலமாரி. அப்படி இசை விற்கிற ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்கு 'ராணுவ பேண்டு' அலமாரிக்குச் சரக்குக் கொடுத்துக்கொண்டிருந்தான் டெரன்ஸ். அலுவலகத்தில் வேறு வேலை பார்க்கக் கூடாது என்று விதி. அதனால் வெளியே மூச்சு விடவில்லை.

ஞாயிறு மத்தியானம் ஜன்னலை அடைத்து, இடுக்கில் பழைய சேலையைத் திணித்து, கட்டிலைச் சுற்றிப் போர்வைகளைக் கொடியில் தொங்கவிட்டு, ஃபேனை நிறுத்துவான். ஃபேன் சத்தம் மைக்கில் விழும். அந்தப் புழுக்கத்தில் பனியனோடு நின்று ஒரே ட்ரம்பெட்டை எட்டுத் தடவை வாசித்து, எட்டுப் பேர் வாசிப்பதுபோல அடுக்குவான். எட்டுத் தடவையும் எட்டு ஆள் மாதிரி ஊத வேண்டும். ஒருவன் கொஞ்சம் முந்துவான், ஒருவன் லேசாகப் பிந்துவான், ஒருவனுக்கு மூச்சு கட்டை. எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் பொம்மைப் பட்டாளம் ஆகிவிடும். பெரிய முரசு, சின்ன முரசு, தாளத்தட்டு எல்லாம் கம்ப்யூட்டரில். முடிந்ததும் முழுசாக ஒன்று, அறுபது வினாடிக்கு ஒன்று, முப்பது வினாடிக்கு ஒன்று, மெட்டு இல்லாமல் வெறும் முரசு ஒன்று என்று வெட்டி அனுப்புவான்.

ஜெப்ஸி நாசரேத்துக்காரி. புரோட்டஸ்டண்டு குடும்பம். கல்யாணத்துக்காகக் கோவில் மாறி வந்தவள். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். கதவுக்கு வெளியே நோட்டுத் திருத்திக்கொண்டே கேட்பாள்: "உங்க பட்டாளம் எத்தன மணிக்கு முகாம் கலைக்கும்? நான் உள்ள வந்து துணி எடுக்கணும்."

அவன் போட்ட மார்ச்சுகள், அதாவது அணிநடை மெட்டுகள், எங்கெங்கோ போயின. ஒரு டயர் விளம்பரத்தில் கேட்டான். குடியரசு தினத்தன்று பேருந்து நிலைய டீக்கடை டிவியில் கேட்டான். ஒருமுறை பல்பொடி விளம்பரத்தில் பற்கள் வரிசையாக நடந்துபோயின, அவன் மார்ச்சுக்கு. கையில் டீயோடு நின்று, பக்கத்தில் இருப்பவனிடம் சொல்ல முடியாமல் தனக்குத்தானே சிரித்துக்கொண்டான். அரை அங்குலம் நெஞ்சு போதாதவனின் மூச்சுக்கு ஊரெல்லாம் கால் தூக்கி வைக்கிறது என்பதில் அவனுக்கு ஒரு நிம்மதி.

வினை பன்னிரண்டாவது மார்ச்சில் வந்தது.

பன்னிரண்டு மார்ச் தருவதாக ஒப்பந்தம். பதினொன்று முடிந்தது. கடைசியை இரண்டு தடவை திருப்பி அனுப்பினார்கள். அங்கே சரக்கைச் சரிபார்க்கிற ஆள் எழுதியிருந்தான்: சுத்தமாக இருக்கிறது, ஆனால் கேட்பவன் நாற்காலியில் உட்கார்ந்தே இருப்பான், எழுந்து நிற்க வேண்டும் என்று தோன்ற வேண்டும்.

எழுந்து நிற்க வைக்கிற மெட்டு என்றால் சந்தியாகுடிக்காரனுக்கு ஒன்றே ஒன்றுதான் தெரியும். இறக்கம்.

ஆடி மாதத் திருவிழாவில் சந்தியாகப்பர் சுரூபத்தைப் பீடத்திலிருந்து இறக்கிச் சப்பரத்தில் வைக்கும்போது பேண்டு வாசிக்கிற மார்ச் அது. அதற்குப் பேரே 'இறக்கம்' தான். கதவடைத்துச் செய்கிற ஒத்திகை தவிர, வருசத்தில் அந்த ஒரு தடவைதான் வாசிப்பார்கள். முதல் நாலு சுரம் காதில் விழுந்ததும் ஊரில் ஒரு ஜீவன் உட்கார்ந்திருக்காது. கோவிலுக்குள் இருப்பவர்கள் என்றில்லை. வீட்டுக் குசினியில் இறால் உரித்துக்கொண்டிருக்கிறவள் கையைக் கழுவாமல் எழுந்து நிற்பாள். கரையில் வலை பொத்துகிறவன் ஊசியோடு நிற்பான். பெண்கள் முந்தானையைத் தலையில் போடுவார்கள், ஆண்கள் தலைத்துண்டை எடுப்பார்கள். காய்ச்சலில் படுத்திருந்தாலும் யாராவது தோளைப் பிடித்துத் தூக்கி உட்காரவாவது வைப்பார்கள். குதிரை இறங்கும்போது உட்கார்ந்திருந்தவன் வலையில் அந்த வருசம் மீன் ஏறாது என்று ஒரு பேச்சு. பயத்தால் நிற்கிறார்களா பக்தியால் நிற்கிறார்களா என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது. கால் நின்றுவிடும், அவ்வளவுதான்.

யார் போட்ட மெட்டு என்று ஒருவருக்கும் தெரியாது. பேண்டு நோட்டுகளில் ஒருவர் கையெழுத்தைப் பார்த்து அடுத்தவர் எழுதி வைத்த தாள்தான். தலைப்பில் 'இறக்கம்' என்று மட்டும் இருக்கும். பெயர் இருக்காது.

டெரன்ஸ் அதைக் கொஞ்சம் வேகப்படுத்தினான். முரசை முன்னால் கொண்டுவந்தான். அனுப்புகிற படிவத்தில் வழக்கம்போல ஒரு கட்டம் இருந்தது: இது என் சொந்தப் படைப்பு, வேறு எவருக்கும் இதில் உரிமை இல்லை. அன்றைக்கு அந்தக் கட்டத்தின்மேல் அவன் விரல் கொஞ்ச நேரம் நின்றது உண்மை. யார் பேரும் இல்லாத மெட்டு, நம்முடையது என்று சொன்னால் யார் சண்டைக்கு வரப் போகிறார்கள் என்று நினைத்தான். யார் பேரும் இல்லாத பொருள் சந்தியாகுடியில் எல்லோருக்கும் சொந்தம் என்பது அவனுக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் அந்தக் கட்டத்துக்கு அது தெரியாதே. டிக் அடித்தான்.

இரண்டே நாளில் பதில் வந்தது. பிரமாதம் என்று எழுதியிருந்தார்கள்.

எட்டு மாதம் கழித்து, ஜூன் மாதத்தில், பெரிய சாலையில் இருக்கிற கல்யாண மண்டபத்தில் கருத்துக்கேட்புக் கூட்டம் போட்டார்கள். சந்தியாகுடிக்கு வடக்கே ஒரு தனியார் நிறுவனம் சரக்கு இறங்குதளம் கட்டத் திட்டம் போட்டிருந்தது. அதற்குக் கடலுக்குள் கல் கொட்டி நீளமாக ஒரு தடுப்பு வரும். தடுப்பு வந்தால் தெற்கே கரை அரிக்கும், படகு ஏற்றுகிற மணல் போய்விடும். சட்டப்படி மக்கள் கருத்தைக் கேட்க வேண்டும், அதைப் பதிவு செய்ய வேண்டும். ஊரே வேலையை விட்டுவிட்டுப் போனது. டெரன்ஸ் அரை நாள் லீவு போட்டிருந்தான். ஊர்க் கமிட்டித் தலைவர் மரியான், அறுபது வயது, மூன்று படகுக்குச் சொந்தக்காரர், முதல் வரிசையில் பேசப்போகும் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏலே, படம் காட்டுதாம்லா மொதல்ல" என்றார் திரும்பிப் பார்த்து. "காட்டட்டும். படம் முடிஞ்சதும் நான் காட்டுதேன்."

மேடையில் பெரிய திரை. விளக்கை அணைத்தார்கள். மேலிருந்து எடுத்த கடல், வெள்ளைக் கப்பல், சிரிக்கிற பிள்ளைகள். திரையில் 'புதிய விடியல்' என்று எழுத்து வந்தது. அப்போது நாலு சுரம் கேட்டது.

முதலில் எழுந்தவர் மரியான். தலைத்துண்டு கைக்கு வந்திருந்தது. அவருக்குப் பின்னால் ஒரு வரிசை, அதற்குப் பின்னால் இன்னொரு வரிசை. நாற்காலிகள் தரையில் உரசுகிற சத்தம் அலைபோலப் பின்னால் வரை போனது. முந்தானைகள் தலைக்கு ஏறின. நானூறு பேர். இருட்டில், ஒரு கம்பெனி விளம்பரப் படத்துக்கு முன்னால், கையைக் கட்டிக்கொண்டு ஊர் எழுந்து நின்றது.

டெரன்ஸும் நின்றான். நின்ற பிறகுதான் காதில் விழுந்தது என்னவென்று மூளைக்கு எட்டியது. எட்டு ட்ரம்பெட். ஒருவன் முந்துகிறான், ஒருவன் பிந்துகிறான், ஒருவனுக்கு மூச்சு கட்டை. எட்டும் அவன்.

பக்கத்தில் ஜெப்ஸி மட்டும் உட்கார்ந்திருந்தாள். அவள் கால்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை. மூன்று வாரம் கதவுக்கு வெளியே நோட்டுத் திருத்திக்கொண்டே கேட்ட மார்ச். அவள் தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாள். 

நாற்பது வினாடி இருக்கும். மெட்டு மாறியதும் ஜனங்கள் ஒருவரையொருவர் பார்த்து, வெட்கப்பட்டு, "என்னலே இது, என்ன எளவு" என்று முணுமுணுத்தபடி உட்கார்ந்தார்கள். அதற்குள் நிறுவனத்தின் ஆள் இரண்டு கேமராவில் எடுத்து முடித்திருந்தான். படம் முடிந்து மரியான் மைக்கைப் பிடித்தார், தலையைத் தூக்கவில்லை. தாளைப் பார்த்து வாசித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

மறுநாள் எல்லோர் போனிலும் அந்த வீடியோ. மக்கள் எழுந்து நின்று திட்டத்தை வரவேற்றனர் என்று கீழே எழுத்து. நிறுவனம் அதைக் கூட்ட அறிக்கையோடு சேர்க்கச் சொல்லிக் கொடுத்திருப்பதாகவும் தகவல் வந்தது. ஆட்சேபணை இருந்தால் பதினைந்து நாளில் எழுத்தில் தரலாம்.

டெரன்ஸ் இசை நிறுவனத்துக்கு எழுதினான். அந்த ஒரு மார்ச்சை மட்டும் எடுத்துவிட வேண்டும் என்று கெஞ்சி எழுதினான். மரியாதையாகப் பதில் வந்தது. எக்காலத்துக்கும் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். வாங்கியவருக்கு அனுமதி கொடுத்தாயிற்று, அதைத் திரும்பப் பெற முடியாது. இது உங்கள் சொந்தப் படைப்புதானே? அப்படி இல்லையென்றால் உடனே தெரிவிக்கவும், அது வேறு விவகாரம், ஒப்பந்தத்தின் ஒன்பதாவது பிரிவைப் பார்க்கவும். ஒன்பதாவது பிரிவைப் பார்த்தான். பொய் உறுதி கொடுத்தவன் நிறுவனத்துக்கு ஏற்படுகிற நட்டத்துக்கெல்லாம் பொறுப்பு.

திருடனுக்குத் தேள் கொட்டினால் வாய்விட்டுக் கத்த முடியுமா? என் மெட்டு என்றால் ஊருக்குத் துரோகி. ஊர் மெட்டு என்றால் ஒப்பந்தத்துக்குத் துரோகி.  ஆபீஸில் கண்டெய்னர் நம்பரைத் தப்பாகப் போட்டு இரண்டு தடவை திட்டு வாங்கினான்.

"சொல்லிருங்களேன்" என்றாள் ஜெப்ஸி, சோறு போட்டுக்கொண்டே.

"என்னன்னு சொல்ல? சந்தியாகப்பர வித்துட்டேன்னா?"

"அவர யாரு வாங்குவா? மெட்டத்தான வித்தீங்க."

"ஊருக்கு ரெண்டும் ஒண்ணுதாம்ளா. நீ வந்தவ, உனக்குத் தெரியாது."

"வந்தவதான்" என்றாள் ஜெப்ஸி. "அதான் உக்காந்து எல்லார் மூஞ்சியையும் பாத்தேன். உங்க மூஞ்சி உட்பட."

இதற்கிடையில் ஊர் தன் துரோகியைத் தானே கண்டுபிடித்துவிட்டது. கிங்ஸ்டன். கோவில் தெருவில் சின்ன ஸ்டுடியோ வைத்திருக்கிறவன். கல்யாணம், காதுகுத்து எல்லாம் அவன்தான் வீடியோ. பதினோரு வருசமாகத் திருவிழாவை எடுத்து இணையத்தில் போடுகிறவனும் அவனே. கம்பெனிக்கு இறக்கம் வேறு எப்படிப் போயிருக்கும்? கேமரா வைத்திருக்கிறவன்தானே விற்றிருப்பான்? சத்தியம் பண்ணினான், அழுதான், ஒருவரும் கேட்கவில்லை. அடுத்த வாரக் கல்யாணம் ஒன்றுக்கு முன்பணம் கொடுத்தவர்கள் வந்து திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். ஸ்டுடியோ கண்ணாடியில் யாரோ மீன் கழிவை ஊற்றியிருந்தார்கள்.

வியாழக்கிழமை சாயந்தரம் கிங்ஸ்டன் டெரன்ஸ் வீட்டுக்கு வந்தான். டெரன்ஸ் படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"அண்ணே, உங்களுக்குத்தான் இதெல்லாம் புரியும். இத பாருங்க." போனை நீட்டினான். "நம்ம திருவிழா வீடியோவ முடக்கிட்டான். போன வருசத்தது, அதுக்கு முந்தினது, எல்லாத்தையும். இறக்கம் வார எடத்துல சத்தமே இல்ல. கேட்டா இந்த இசை வேற ஒருத்தருக்குச் சொந்தம்னு காட்டுதான். நம்ம கோவில்ல நம்ம பேண்டு வாசிச்சது, அண்ணே! பேரு போட்டிருக்கான் பாருங்க. 'டி. பர்னாந்து'."

டெரன்ஸ் போனை வாங்கிப் பார்த்தான். எழுத்து தெளிவாக இருந்தது.

"நம்ம ஊர்ல பாதிப் பேரு பர்னாந்து" என்றான் கிங்ஸ்டன். "கம்பெனிக்காரனே சும்மா போட்டிருப்பான், ஊர்க்காரன் வித்ததா காட்டுததுக்கு. இவன யாருன்னு எப்படிண்ணே கண்டுபிடிக்க? மெயில் போட்டா பதில் வருமா?"

"வரும்" என்றான் டெரன்ஸ். போனைத் திருப்பிக் கொடுத்தான்.

"நீங்க இங்கிலீஷ்ல எழுதிக் குடுங்கண்ணே. ஞாயித்துக்கெழம கமிட்டி கூடுது. திருவிழாவுக்கு நான் கேமரா எடுக்கக் கூடாதுன்னு எழுதப் போறாங்க. எங்கம்மா வெளிய தண்ணிக்குப் போக மாட்டேங்கா." காபியை வாங்கிக் குடிக்காமல் வைத்திருந்தான். "உங்கள விட்டா எனக்கு இந்த ஊர்ல யாரும் இல்லண்ணே இப்ப."

அவன் போனபிறகு காபி டம்ளரை எடுக்க வந்த ஜெப்ஸி, எடுக்காமலே நின்றாள். "பாவம்" என்றாள். யாரைச் சொன்னாள் என்று டெரன்ஸ் கேட்கவில்லை.

மறுநாள் மரியான் பிடித்துக்கொண்டார். கலெக்டர் ஆபீசுக்கு ஆட்சேபணை மனு எழுத வேண்டும்.

"நீ ஆபீசுல காயிதம் எழுதுதவன். நல்லா எழுது, கேட்டியா. நாங்க கம்பெனிக்கு நிக்கல, சந்தியாகப்பருக்கு நின்னோம்னு எழுது." கொஞ்சம் நிறுத்தி, தாழ்ந்த குரலில் சொன்னார்: "நாந்தாம்லே மொதல்ல நின்னேன். எதுத்துப் பேசப் போனவன். என் காலே எனக்குக் குழி தோண்டிட்டு. ராத்திரி கண்ண மூடினா அந்த நாற்காலிச் சத்தந்தான் கேக்கு."

"வக்கீல் என்ன சொல்லுதாரு, மாமா?"

"அந்த மெட்டு எங்க ஊரு மெட்டுன்னு காட்டணும், அது எப்படி அவன் படத்துக்குள்ள போச்சுன்னும் காட்டணும். இல்லன்னா, பாட்டு நல்லாருந்துச்சு, சனம் எந்திரிச்சுதுன்னு சொல்லிட்டுப் போயிருவான்னாரு. அந்தக் கிங்ஸ்டன் பயல உலுக்கினா வந்துரும்."

டெரன்ஸ் சனிக்கிழமை முழுக்க மனு எழுதினான். எங்கள் ஊரின் தொன்றுதொட்ட வழக்கப்படி என்று தொடங்கி நன்றாகத்தான் போனது. இரண்டாவது பக்கத்தில், 'எங்கள் கோவில் இசை எவ்விதமோ மேற்படி நிறுவனத்தின் கைக்குச் சென்று' என்று எழுதினான். 'எவ்விதமோ' என்ற இடத்தில் பேனா நின்றது. அந்தச் சொல்லைத் தாண்டி ஒரு வரி எழுத முடியவில்லை. அந்தச் சொல்லுக்குள் கிங்ஸ்டன் மாட்டிக்கொண்டு நிற்பது தெரிந்தது. அடித்தான். மறுபடி எழுதினான். மறுபடி அடித்தான். அறைக்குள் போர்வைகள் இன்னும் கொடியில் தொங்கிக்கொண்டுதான் இருந்தன. ஃபேன் ஓடியும் வியர்த்தது.

ஞாயிறு பூசை முடிந்து கோவில் முன்வாசலில் கமிட்டி கூடியது. பூசைக்கு வந்தவர்கள் பாதிப்பேர் போகவில்லை. கிங்ஸ்டன் கொடிமரத்தோரம் தனியாக நின்றான். கக்கத்தில் ஒரு துணிப்பை.

மரியான், "மொதல்ல மனுவ வாசிச்சிருவோம். பெறவு இவன் வழக்கு" என்றார்.

டெரன்ஸ் எழுந்து வாசித்தான். வழக்கம் பற்றிய பகுதிக்கு ஜனங்கள் தலையாட்டினார்கள். இரண்டாவது பக்கத்தைத் திருப்பினான். தாள் விரலில் ஒட்டியது. லேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"மேற்படி இசையை, சந்தியாகுடியைச் சேர்ந்த தொம்மை மகன் டெரன்ஸ் பர்னாந்து ஆகிய நான், ஊராரின் அனுமதியின்றி, என் சொந்தப் படைப்பு என்று பொய்யாக உறுதி கூறி, இணையத்தில் இசை விற்கும் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்குக் கொடுத்தேன். அங்கிருந்து விலைக்கு வாங்கப்பட்டே அது மேற்படி படத்தில் சேர்ந்திருக்கிறது. இதில் வேறு எவருக்கும் தொடர்பு இல்லை. அதற்கான ஒப்பந்த நகல் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது."

மனு வாசிக்கிற குரலிலேயே வாசித்ததால் கொஞ்ச நேரம் ஒருவருக்கும் ஏறவில்லை. கிங்ஸ்டனுக்குத்தான் முதலில் ஏறியது.

"டி. பர்னாந்து" என்றான். சத்தமாகக்கூட இல்லை. "வியாழக்கெழம உங்க வீட்ல உக்காந்து உங்ககிட்டயே கேட்டேனேண்ணே. காபி குடுத்தீங்களே."

அதற்குப் பிறகு எழுந்த கூச்சலை எழுதிப் பயனில்லை. ஒருவர் டெரன்ஸ் சட்டையைப் பிடித்தார். ஒருத்தி, "ஏ பாவி, கெட்டும் போவ" என்று மண்ணை வாரினாள். பங்குச் சாமியார் ஓடிவந்து நடுவில் நின்றார். டெரன்ஸ் அசையவில்லை. மனுத்தாள் கசங்கிவிடக் கூடாதென்று அதை மட்டும் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

மரியான் எழுந்து வந்து அந்தத் தாளை வாங்கினார். கடைசிப் பக்கத்தைப் பார்த்தார்.

"கையெழுத்துப் போட்டிருக்கியா?"

"போட்டிருக்கேன், மாமா."

"இத குடுத்தா ஒன்ன அந்த வெளிநாட்டுக்காரன் விடுவானா?"

"விடமாட்டான்."

மரியான் தாளை மடித்தார். "இது எங்க மெட்டுன்னு எழுதியாச்சு. வருசா வருசம் நிப்போம்ங்கதுக்கு அத்தாட்சி வேணுமே. கலெக்டர் ஆபீசுல வாயால சொன்னா எடுபடுமா?"

 எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அது தோன்றியிருக்க வேண்டும். ஆனால் கொடிமரத்துப் பக்கம் திரும்ப யாருக்கும் முகம் இல்லை. சில நாள் முன்னால் அவன் கண்ணாடியில் மீன் கழிவு ஊற்றிய கைகள்.

கிங்ஸ்டன் துணிப்பையை அவிழ்த்துக் கறுப்பாக ஒரு ஹார்ட் டிஸ்கை எடுத்தான். "பதினோரு வருச இறக்கம் இதுல இருக்கு. சத்தத்தோட. இணையத்துல போட்டததான் முடக்க முடியும், இத எவனும் முடக்க முடியாது." டெரன்ஸைத் தாண்டிப் போய் மரியானிடம் நீட்டினான். "என் வழக்குக்குக் காட்டத்தான் கொண்டாந்தேன். இப்ப உங்க வழக்குக்கு வச்சுக்கிடுங்க. எங்கம்மாகிட்ட யாராச்சும் போய் ஒரு வார்த்த சொல்லிருங்க, அது போதும்."

திங்கட்கிழமை மனுவும் ஹார்ட் டிஸ்கும் போய்ச் சேர்ந்தன. வாங்கிக்கொண்டதற்கு முத்திரை போட்டுக் கொடுத்தார்கள். ஆட்சேபணை பதிவு செய்யப்பட்டது. தளம் வருமா வராதா என்பதற்கு இன்னும் எத்தனையோ கூட்டம் இருக்கிறது. இசை நிறுவனத்துக்கும் டெரன்ஸ் உண்மையை எழுதினான். அவர்கள் அவனுடைய பன்னிரண்டு மார்ச்சையும் கடையிலிருந்து எடுத்தார்கள். ஏற்கெனவே வாங்கியவர்களின் அனுமதி செல்லும் என்றார்கள். ஒன்பதாவது பிரிவைக் காட்டி நட்டஈடு கேட்டு நோட்டீசும் வந்தது. படத்தில் அந்த எட்டு ட்ரம்பெட் ஒலித்துக்கொண்டுதான் இருக்கிறது. நிறுத்த அவனுக்கும் வழியில்லை, ஊருக்கும் வழியில்லை.

திருவிழாவுக்குப் பத்து நாள் முன்னால் டெரன்ஸ் ட்ரம்பெட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மரியான் வீட்டுக்குப் போனான். வாத்தியம் கோவில் சொத்து.

"யாராச்சும் வேற ஆளுகிட்ட குடுத்துருங்க, மாமா. நான் பேண்ட விட்டு வெலகிக்கிடுதேன்."

மரியான் வலைக்கயிற்றை முறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எங்க போகப் போற?"

"எங்கயும் போகல. கூட்டத்தோட கூட்டமா நின்னுக்கிடுதேன்."

"அதான பாத்தேன். கூட்டத்துல நின்னா ஒன்ன ஒருத்தனும் பாக்க மாட்டான். ஒனக்கு லேசு." கயிற்றைக் கீழே வைத்தார். "நாங்க என்ன செய்ய? இனி ஒவ்வொரு வருசமும் அந்த நாலு சொரம் கேக்கும்போது எந்திரிக்கணுமா வேண்டாமான்னு ஒரு நொடி யோசிப்போம்லா? பொறந்ததுலேருந்து யோசிக்காம நின்ன காலு. அந்த ஒரு நொடிய நீதான எங்களுக்கு வச்ச? அப்ப நீயும் அனுபவி. முன்னால நின்னு வாசி. ஊரு மூஞ்சியப் பாத்துக்கிட்டே வாசி. ஒனக்கு மூச்சு இருக்க மட்டும் வாசி."

"மாமா..."

"பெட்டியத் தூக்கு. ஒத்திகைக்கு நேரமாச்சு."

ஒத்திகை கோவிலுக்குள். மற்ற வாத்தியக்காரர்கள் அவனுக்கு இடதும் வலதும் ஒரு முழம் இடைவெளி விட்டு நின்றார்கள். கிங்ஸ்டன் பீடத்தின் கீழே முக்காலியை நிறுத்தி, கேமராவைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். டெரன்ஸ் அவன் சட்டகத்தை விட்டு விலகித் தூணோரம் நகர்ந்தான்.

"அங்கன போகாதீங்க" என்றான் கிங்ஸ்டன், கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல். அண்ணே என்று சொல்லவில்லை. "வெளிச்சத்துக்கு வாங்க. இந்த வருசம் மொத ஷாட்டு குதிர இல்ல. நீங்கதான்."

டெரன்ஸ் வெளிச்சத்துக்கு வந்தான். ட்ரம்பெட்டை எடுத்து வாயில் வைத்தான். உதடு காய்ந்து ஒட்டியிருந்தது. நாக்கால் நனைத்துக்கொண்டான். முரசுக்காரர் கோலை ஓங்கியபடி அவன் முகத்தையே பார்த்துக் காத்திருந்தார்.